காலண்டர் ஆணியும் ஒளிந்துகொள்ளும் கதவும்

1

ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை பகலில், என் வீட்டுச் சுவரை நானே சுத்தியலால் உடைத்தேன். அந்தச் சுவரை எழுப்பியவனும் நான்தான். பெயின்ட் அடித்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் மானம் மட்டும்தான் போனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊரிலிருந்து போன் மேல் போன் வரும்.

கனடாவுக்கு, அதுவும் வின்னிபெக் என்கிற இந்த ஐஸ் பெட்டிக்கு, நான் வந்து இந்த மாதத்தோடு இருபது வருஷம். சிவகாசியில் காலண்டர் அச்சடித்தவன் இங்கே ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் அச்சடிக்கிறேன். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் கேட்டான்: "இருவது வருசமா அங்கன இருந்து என்னத்தலே கிழிச்ச?" ஒரு சுவரைக் கிழித்தேன் மாப்பிள்ளை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் எல்லாக் கதவும் வெளியேதான் திறக்கும். இந்த நாட்டில் படுக்கையறைக் கதவு அறைக்குள்ளே திறப்பதுதான் நடைமுறை. வீடு வாங்கிய முதல் மாதமே கீல்களைக் கழற்றி, சட்டத்தைச் செதுக்கி, அத்தனை கதவையும் நடைப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். தாழ்ப்பாள்களையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டேன். நடையோ ஒரு ஆள் போகிற அகலம். குளியலறையிலிருந்து ஒருவரும் படுக்கையறையிலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் கதவும் கதவும் முட்டிக்கொள்ளும். சாப்பிட வந்த நண்பர் ஒருவர் பாயசம் குடிக்காமல், மூக்கில் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டு கிளம்பிப் போனார்.

"வாரவுகளுக்கு வாசல்லயே ஆளுக்கொரு ஹெல்மெட்டக் குடுத்துருவோமாங்க?" என்று கேட்டாள் கலா. என் மனைவி, சாத்தூர்க்காரி. அவளுக்கு இந்தக் கதவு விஷயத்தில் என்னோடு சண்டை உண்டு, ஆனால் விளக்கம் தேவையில்லை.

நம்மூர்ப் பக்கம் யாருக்கும் தேவையில்லை. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிற அறை சின்னது. எதிரும் புதிருமாக ரெண்டு கதவு. ரெண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ் போடக் கூடாது, முன்னால் எதையும் வைக்கக் கூடாது. ஏதாவது நடந்தால் கதவை உள்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்க நேரமிருக்காது, முட்டித் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். என் அக்கா செல்லத்தாய் முப்பத்தைந்து வருஷமாக அந்த அறைகளில்தான் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும், உட்காருவதற்கு முன் ரெண்டு கதவையும் ஒரு தடவை முழுக்கத் தள்ளித் திறந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் உட்காருவாள். ஃபோர்மேன் சிரிப்பாராம். "சிரிச்சா சிரிக்கட்டும். எனக்குக் கதவு தொறக்கணும்" என்பாள்.

அக்காவோடு வாரம் ஒரு முறை வீடியோவில் பேசுவோம். வலது கையில் போனைப் பிடித்திருப்பாள். இடது கை ஒருநாளும் திரையில் தெரியாது. என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை கேட்டாள், அத்தைக்கு ஒரு கைதானா என்று. அதட்டி வாயை மூடினேன். பிறகு அவள் கேட்கவே இல்லை.

3

மகள் பெயர் நித்யா. பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருஷம். வருகிற செப்டம்பரில் கல்லூரிக்கு வேறு ஊருக்குப் போய்விடுவாள். அதற்கு முன்பே போய்விடுவாள் போலிருந்தது என்பதுதான் பிரச்சினை. போன வருஷம் பனி உருகத் தொடங்கிய நேரத்தில், பள்ளி விட்டதும் நேராகத் தோழி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கேயே படிப்பு, அங்கேயே சாப்பாடு. எங்கள் வீட்டுக்குத் தூங்க மட்டும் வருவாள். லாட்ஜுக்கு வருகிறவர்கள்கூட ரிசப்ஷனில் ரெண்டு வார்த்தை பேசுவார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அங்க அப்படி என்ன இருக்கு?"

"கதவு இருக்குப்பா."

"நம்ம வீட்டுலயும்தான் கதவு இருக்கு."

"அது கதவு இல்லப்பா, வெப்பன். மூடவும் மூடாது. எனக்கு மூடுற கதவு வேணும். ஒரே ஒரு வருஷம்."

கலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பிள்ள கேக்கதுல என்ன தப்பு? நீங்க அவள வீட்டுக்குள்ள வச்சுருக்கீகளா, பஸ் ஸ்டாண்டுல வச்சுருக்கீகளா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்று வெளியே சொன்னேன், உண்மையில் பயம். கீழே, நிலவறையில், பாதி வீட்டு அளவுக்கு ஒரு கூடம் சும்மா கிடந்தது. அதில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி அவளுக்கு அறை ஆக்கலாம். ஆனால் கதவு? உள்ளே திறக்கிற கதவுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியே திறக்கிற கதவுக்கு அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், வெளியே மாடிப்படி இடிக்கும். ரெண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்து கிடந்தது. மூன்றாம் நாள் அவளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திரையில் ஒரு கதவு பக்கவாட்டில் நகர்ந்து சுவருக்குள் போய் மறைந்தது. பெயர் பாக்கெட் டோர்.

"உள்ளயும் திறக்காது, வெளியயும் திறக்காது. உங்களுக்கும் ஓகே, எனக்கும் ஓகே."

ஐ.நா. சபைக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை.

அக்காவிடம் சொன்னபோது அவளுக்குப் பிடிபடவில்லை. "சொவத்துக்குள்ளயா போவும்? போயி?"

"உள்ளயே நிக்கும்க்கா."

"ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிற கதவ எவன்லே நம்புவான்?" என்றாள். அப்போது சிரித்தேன்.

4

இந்த நாட்டில் சொந்த வீட்டுக்குள் சொந்தக் கையால் ஒரு சுவர் எழுப்பவும் நகராட்சி அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் 'அறையின் பயன்பாடு' என்று ஒரு கட்டம். 'மகள்' என்று எழுதினேன். அலுவலகத்திலிருந்து போன் செய்து, மகள் என்பது பயன்பாடு ஆகாது, படுக்கையறையா, படிப்பறையா என்று மிகப் பொறுமையாகக் கேட்டார்கள். ரெண்டு நாள் அந்தக் குரலை நினைத்து நினைத்துக் கூசிப்போனேன்.

பிறகு பரிசோதகர் வந்தார். பூட்ஸ் போட்ட, குள்ளமான, ஐம்பது வயது அம்மாள். இடுப்பில் டேப். நிலவறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: தூங்குகிற அறைக்கு வெளியேற ரெண்டு வழி வேண்டும். ஒன்று கதவு, இன்னொன்று ஆள் நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு ஜன்னல். இருக்கிற ஜன்னல் பூனைக்குத்தான் ஆகும்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதே வார்த்தையை நான் எங்கே கேட்டேன்? அக்காவிடம் சொன்னேன். "அந்தம்மா நம்ம கம்பெனியில இருந்து போனவுகளாலே?" என்று கேட்டாள்.

கூச்செறிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். கான்கிரீட் சுவரை அறுத்து, வெளியே குழி தோண்டி, புது ஜன்னல் வைக்க ஜூலை முழுக்கப் போனது. வாயெல்லாம் சிமென்ட் தூசு. இது ஜன்னலா, கோட்டை வாசலா என்று தினமும் புலம்பினேன். வேலை முடிந்த அன்று நித்யா அதன் வழியாக ஏறி வெளியே குதித்து, வீட்டைச் சுற்றி வந்து, முன்வாசல் மணியை அடித்து, கதவைத் திறந்த எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். "இந்தக் கோமாளித்தனம் வேண்டாம். வாசல் எதுக்கு இருக்கு?" என்று திட்டினேன். புகை வந்தால் கத்துகிற அலாரங்களையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்றார் அந்த அம்மாள். மேலே ஒன்று கத்தினால் கீழே எல்லாம் கத்த வேண்டுமாம். அதற்கும் முணுமுணுத்துக்கொண்டே இணைத்தேன்.

5

இங்கே உள்சுவர் என்றால் செங்கல் கிடையாது. தரையில் ஒரு கட்டை, மேலே ஒரு கட்டை, நடுவில் முழங்கை தூரத்துக்கு ஒன்றாக நிற்கும் கட்டைகள். ரெண்டு பக்கமும் ஜிப்சம் பலகையை அடித்து மூடினால் சுவர். தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் வரும். முதல் நாள் கட்டை வாங்கப் போன இடத்தில், மெல்லிய கட்டைக்கு நம்மூரில் சொல்கிற பழக்கத்தில், "ரீப்பர் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்காரப் பையன் முகம் வெளுத்துப் போனது. அந்தச் சொல்லுக்கு இங்கே அரிவாளோடு உயிரெடுக்க வருகிறவன் என்று பொருளாம். எமன் ஸ்டாக் இல்லை என்று சொல்லாமல் மேனேஜரைக் கூப்பிட்டான்.

பாக்கெட் கதவுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கதவு எவ்வளவு அகலமோ அதைப் போல ரெண்டு மடங்கு அகலம் திறப்பு விட வேண்டும். பாதி, ஆள் போக. மீதிப் பாதி, கதவு ஒளிந்துகொள்ள. மேலே நல்ல கனமான உத்தரக் கட்டை, அதில் தண்டவாளம், தண்டவாளத்தில் சக்கரம், சக்கரத்தில் கதவு தொங்கும். ஒளிகிற பாதியில் நிற்கும் கட்டைகள் முழுசாக இருக்க முடியாது. அந்தப் பக்கம் ஒரு மெல்லிய பட்டை, இந்தப் பக்கம் ஒரு மெல்லிய பட்டை, நடுவில் கதவு போய்வர வெற்றிடம். வெளியே பார்த்தால் கனவான் மாதிரி நிற்கும் சுவர், உள்ளே ஒன்றுமே கிடையாது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ரெண்டு பேர் அப்படி இருக்கிறார்கள்.

ரசமட்டம் பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். நித்யாவும் கூட நின்றாள். கட்டையைப் பிடிப்பாள், திருகாணியைக் கொடுப்பாள், நான் கோணலாக அறுத்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டையை எடுத்து நீட்டுவாள். அந்த ரெண்டு மாதம் தோழி வீட்டுக்குப் போகவில்லை. சுவர் முடியவே கூடாது என்று எனக்கு ஒரு கெட்ட எண்ணம் இருந்தது. சும்மா சொல்லவில்லை, ஒரு பட்டையைத் தேவையே இல்லாமல் ரெண்டு தடவை கழற்றி மாட்டினேன்.

பலகை மூடுவதற்கு முன் மறுபடி பரிசோதனை. ஒளிகிற பாதியில் நான் லைட் சுவிட்சுக்குப் பெட்டி வைத்திருந்தேன். அந்த அம்மாள் அதை விரலால் தட்டி, "கதவு உள்ளே வரும்போது இந்தப் பெட்டி எங்கே போகும்?" என்று கேட்டார். நித்யா தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சுவிட்சை மறுபக்கம் மாற்றினேன். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: எல்லாரும் செய்கிற தப்பு, சுவர் மூடிய பிறகு இந்தப் பாதியில் படம் மாட்ட நீள ஆணி அடிப்பது. ஆணி வெற்றிடத்துக்குள் நீட்டிக்கொண்டு கதவைத் தடுக்கும். மறக்காமல் குறித்து வையுங்கள்.

நான் மறக்கிற ஆளா? அவர் கண் முன்னாலேயே பென்சிலை எடுத்து, பட்டை மேலேயே, முன்பக்கம், கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினேன்: 'இங்கே ஆணி அடிக்காதே.' என்ன எழுதினீர்கள் என்று அவர் கேட்டார். பிரார்த்தனை என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு அதன் மேல் ஜிப்சம் பலகையை அடித்து, பூச்சுப் பூசி, வெள்ளைப் பெயின்டும் அடித்து அழகாக மூடினேன்.

நீங்கள் இப்போது சிரிப்பது எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது.

6

கதவு மாட்டிய அன்று நித்யா உள்ளே போய், மெதுவாக இழுத்து மூடினாள். சக்கரம் 'கிர்ர்' என்று ஓடியது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உள்ளதான இருக்கா. எங்கயும் போயிரல" என்றாள். அது சரிதான். ஆனாலும் முதல் வாரம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே போய்வந்தேன். தண்ணி வேணுமா, சாக்ஸ் வேணுமா, குளிருதா. நாலாம் நாள் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'தண்ணி இருக்கு. சாக்ஸ் இருக்கு. குளிரல.' தமிழில் எழுதியிருந்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலண்டர் வந்தது. வருஷா வருஷம் அக்கா அனுப்புவது. தினமும் தாள் கிழிக்கிற பெரிய காலண்டர், கெட்டி அட்டை, மேலே தகரப் பட்டி, படத்தில் முருகன், முருகன் காலடியில் வத்தல் மண்டி விளம்பரம். இந்த வருஷம் கூரியர்காரன் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் ஜனவரியில் பாதி போய்விட்டது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. புதுச் சுவர் பூசிக் காய்ந்தால் முதல் ஆணி காலண்டர் ஆணி. கொத்தனாரே கடைசி நாள் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்குவார். ஊரே காலண்டர் அடித்துச் சாப்பிடுகிறது, காலண்டர் தொங்காத சுவரை எப்படிச் சுவர் என்பது? என் கையால் எழுப்பிய முதல் சுவர் வேறு. யோசிக்கவே இல்லை. நேரே கீழே போனேன்.

கதவு மூடியிருந்தது. நித்யா உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கதவு வாய்க்குப் பக்கத்திலேயே, கண் மட்டத்தில், தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்று பொள்ளலாக வந்த சத்தம் ஓரிடத்தில் கெட்டியானது. ஆகா, கட்டை சிக்கியது என்று மூன்று இஞ்சு ஆணியை வைத்து அடித்தேன்.

"அப்பா, சத்தம்!"

"ரெண்டே அடிடா தங்கம்!"

நாலு அடி ஆனது. காலண்டரை மாட்டி, பழைய தேதிகளையெல்லாம் கொத்தாகக் கிழித்து, தள்ளி நின்று பார்த்தேன். முருகன் நேராக நின்றார். ஒரு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு மேலே போனேன்.

7

அரை மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல்.

"அப்பா, கதவு வரமாட்டேங்குது."

போய் இழுத்தேன். ஒரு விரல் அளவு நகர்ந்து 'டக்' என்று நின்றது. மறுபடி இழுத்தேன். டக். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். கட்டை முறுக்கிக்கொண்டது, உத்தரம் இறங்கிவிட்டது, கான்கிரீட் விரிந்துவிட்டது என்று வரிசையாக நினைத்தேன். என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கிய காலண்டரை மட்டும் நினைக்கவில்லை.

"விடுங்கப்பா, மெதுவாப் பார்ப்போம்" என்றாள் அந்த ஒரு விரல் சந்து வழியாக.

பார்த்திருப்போம். அந்த நேரம் பார்த்து மேலே கலா மோர் மிளகாய் வறுத்தாள். எங்கள் வீட்டு அலாரத்துக்கு மோர் மிளகாய் என்றால் ஆகாது. மேலே ஒன்று கத்தியது. நான் என் கையாலேயே இணைத்த புண்ணியத்தில் கீழே இருந்ததும் கத்தியது, நித்யாவின் அறைக்குள் இருந்ததும் கத்தியது. கத்தலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வேறு, தீ, தீ என்று ஆங்கிலத்தில் அறிவித்தது.

மிளகாய்தான் என்று எனக்குத் தெரியும். நெடி மூக்கில் ஏறுகிறது, இருமல் வருகிறது, தெரியாதா? மூளைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. உள்ளே என் பிள்ளை இருக்கிறாள், கதவு திறக்கவில்லை, மணி அடிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததும் நான் வின்னிபெக்கில் இல்லை.

கதவைத் தோளால் முட்டினேன். தொங்குகிற கதவு, ஆடியதே ஒழிய அசையவில்லை. அவள் ஏதோ சொன்னாள், அலாரத்தில் எனக்குக் கேட்கவில்லை. காலண்டரைப் பிடுங்கி எறிந்தேன். முருகன் மாடிப்படியில் போய் விழுந்தார். சுத்தியலை ஓங்கிச் சுவரில் போட்டேன். பலகை பொத்துக்கொண்டது. "வந்துட்டேன்! அந்தப் பக்கம் போவாத! வந்துட்டேன் தாயி!" என்று கத்திக்கொண்டே கையை விட்டுப் பிய்த்தேன். பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். வெள்ளைத் தூசு கண்ணில், வாயில். அழுதிருக்கிறேன், அது பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முழங்கை அகலத்துக்குப் பலகை வந்ததும் உள்ளே அந்தப் பட்டை தெரிந்தது. என் கையெழுத்து. 'இங்கே ஆணி அடிக்காதே.' ஆணி சரியாக 'அடிக்காதே' மேல் இறங்கியிருந்தது.

அலாரம் நின்றது. மேலே கலா முறத்தால் விசிறி அடக்கியிருப்பாள்.

"அப்பா."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். மாடிப்படியில் நித்யா நின்றாள். தலையோடு போர்வை. காலில் சாக்ஸ், சாக்ஸ் முழுக்கப் பனி. கையில் முருகன். அவளுக்குப் பின்னால் சல்லடைக் கரண்டியோடு கலா.

"ஜன்னல் வழியா வந்துட்டேன். நான் சொன்னேனே. யாரைத் தேடுறீங்க?"

அவள் இறங்கி வந்து, ஓட்டையை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "ஆணியப் பிடுங்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அவளே சுத்தியலை வாங்கிப் பிடுங்கினாள். கதவு கிர்ரென்று ஓடிச் சுவருக்குள் போனது.

8

தூசுக்கு நடுவிலேயே தரையில் உட்கார்ந்தோம். கலா மேலே போய்விட்டாள், அவளுக்குத் தெரிந்த கதைதான்.

"அந்தப் பக்கம் போவாதன்னு கத்துனீங்க. எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் நித்யா.

பதினேழு வருஷமாக அவளிடமும், அதற்கு முன் கலாவைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். பாலிடெக்னிக் லீவில் நான் அக்கா வேலை பார்த்த கம்பெனிக்கு லோடு ஏற்றப் போவேன். தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. லாரி வரவில்லை. நிறைந்த பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓர் அறையின் பின்பக்கக் கதவுக்கு வெளியே அடுக்கினோம். ரெண்டே நிமிஷம், லாரி வந்ததும் எடுத்துவிடலாம் என்று சொன்னவன் நான். அடுக்கியதும் நான். அது அக்கா உட்கார்ந்திருந்த அறை. தீப்பிடித்தபோது அவள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். தள்ளியிருக்கிறாள். வெளியே திறக்கிற கதவு, திறக்கவில்லை. திரும்பி, எரிகிற அறைக்கு நடுவே ஓடி, எதிர்க் கதவு வழியாக வந்தாள். மற்ற மூன்று பேரும் அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். அவளுக்கு இடது கை வெந்துபோனது.

நித்யா ரொம்ப நேரம் ஆணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

"தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல."

பரவாயில்லப்பா என்றோ, உங்கள் மேல் தப்பில்லை என்றோ அவள் சொல்லவில்லை. அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தாள். "அத்தைக்கு போன் போடுவோம்" என்றாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டாள். அங்கே ஞாயிறு விடிகாலை. அக்கா தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். "என்ன பிள்ள, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அத்தை. உங்க இடது கையக் காட்டுங்க."

நான் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா போனை வலது கையிலிருந்து எங்கேயோ சாய்த்து வைப்பது கேட்டது.

"இதப் பாக்கவா விடியங்காட்டியும் எளுப்புன? இந்தா, நல்லாப் பாத்துக்கோ. ஒங்கப்பன் சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாங்க" என்றவள், காலண்டர், ஆணி, கதவு, உடைந்த சுவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"இருவத்தெட்டு வருசம் ஆச்சு அவன் வாயத் தொறக்க. கதவு எம்புட்டோ தேவல. ஒரு ஆணியப் பிடுங்குனாத் தொறந்துருது." பிறகு குரலை உயர்த்தினாள். "ஏலே, பக்கத்துலதான இருக்க? மூக்க உறியாத, இங்கன வரைக்கும் கேக்குது. காலண்டர் கிளிஞ்சு போச்சா?"

"ஓரம் மட்டும் மடங்கிருச்சுக்கா" என்றேன்.

"பெறகென்ன. வேற சொவத்துல மாட்டு."

அக்கா, அன்னிக்கு நான்தான் அடுக்கினேன் என்று அதற்குப் பிறகு சொன்னேன். தெரிந்தவளிடம்தான், ஆனாலும் என் வாயால் சொன்னேன். "ம்" என்றாள். "காப்பி போடப் போறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். போன் இடது கையில் இருந்தது.

காலண்டர் இப்போது மாடிப்படிக்கு எதிரே, கான்கிரீட் சுவரில், கட்டை வைத்து அடித்த ஆணியில் தொங்குகிறது. உடைத்த இடத்தைப் பலகை வைத்து அடைத்துப் பூசிவிட்டேன். கொஞ்சம் மேடு தட்டும். அந்த மேட்டில் நித்யா பேனாவால், பெயின்டுக்கு மேல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவைத்திருக்கிறாள்: 'இங்கே ஆணி அடிக்காதே.' மூன்று சுழி ணகரத்துக்கு நாலு சுழி போட்டிருக்கிறாள், நான் திருத்தவில்லை.

இப்போது பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வருகிறாள். ஏதாவது தின்றுவிட்டுக் கீழே இறங்குகிறாள். நான் மேலே அடுப்படியில் நின்றால் சக்கரச் சத்தம் கேட்கும். முதலில் கதவை முழுக்க ஒரு தடவை திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறந்து பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போய் மூடிக்கொள்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மூடுகிற சத்தம் கேட்டதும் நான் என் வேலையைப் பார்க்கப் போகிறேன்.